அசைந்தால்தான் முதுகுக்குச் சாப்பாடு

நாற்காலியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களா? அப்படியானால் ஒரு சின்னச் சோதனை. இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். இருக்கையிலிருந்து நகராமல், பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல வலப்பக்கம் திரும்பிப் பாருங்கள். எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு. இப்போது சொல்லுங்கள்: உங்கள் உடம்பு எந்த இடத்தில் திரும்பியது?

வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலான மாணவர்கள் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டுவார்கள். நீங்களும் அங்கேதான் வைத்திருப்பீர்கள். ஆனால் அந்த இடம் ஏறக்குறைய அசையவே இல்லை. கீழ்முதுகில் உள்ள ஐந்து எலும்புகளும் சேர்ந்து ஒரு பக்கம் திரும்பக்கூடியது மொத்தம் 5 முதல் 10 பாகைதான். கடிகாரத்தின் பெரிய முள் ஒரே நிமிடத்தில் 6 பாகை நகர்ந்துவிடுகிறது, ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மார்பைத் திருப்பியது விலா எலும்புகள் ஒட்டியிருக்கும் மேல்முதுகு. முகத்தைத் திருப்பியது கழுத்து.

முதுகெலும்பு என்று ஒருமையில் சொல்லிப் பழகிவிட்டோம். 'நாட்டின் முதுகெலும்பு விவசாயம்' என்று மேடையில் பேசும்போதும் அசையாத ஒரு தூணைத்தான் மனத்தில் வைத்துக்கொள்கிறோம். அதனால்தான் முதுகு வலித்தவுடன் 'அசையாமல் படு' என்று சொல்லத் தோன்றுகிறது. உள்ளே இருப்பதைப் பார்த்தால் அந்த அறிவுரை பொருந்தவில்லை.

கருவில் இருக்கும்போது நமக்கு 33 முள்ளெலும்புகள். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5. அதற்கும் கீழே உள்ள 5 எலும்புகள் நாம் வளர வளர ஒன்றாகி, இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஆப்பு அடித்தாற்போல் அமர்ந்துவிடுகின்றன. கடைசியில் இருப்பவை வால் எலும்பு. ஆக, பெரியவர்களுக்கு 26 எலும்புகள். தனித்தனியாக அசையக்கூடியவை 24. (ஸூ நெகாராவில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அதன் கழுத்திலும் நம்மைப்போல ஏழே எலும்புகள்தான்.)

இந்த 24 எலும்புகளும் ஒரே மாதிரி அசைவதில்லை. எந்தப் பகுதி எந்தப் பக்கம் அசையலாம் என்பதைத் தீர்மானிப்பவை முள்ளெலும்பின் பின்பக்கம் இருக்கும் சிறிய மூட்டுகள். ஒவ்வொரு முள்ளெலும்பும் மேலே உள்ளதோடு இரண்டு இடத்திலும் கீழே உள்ளதோடு இரண்டு இடத்திலும் வழவழப்பான சிறு தட்டுகளால் உரசிக்கொண்டிருக்கிறது. அந்தத் தட்டுகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வணக்கம் சொல்வதுபோல உள்ளங்கைகளைச் சேர்த்து வையுங்கள். ஒரு கையை மேலும் கீழும் நகர்த்துங்கள், வழுக்கிக்கொண்டு போகும். இப்போது ஒரு கையால் மற்றொன்றைப் பக்கவாட்டில் தள்ளப் பாருங்கள். மற்ற கை தடுக்கும். கீழ்முதுகின் மூட்டுகள் ஏறக்குறைய இந்த வாக்கில் நிற்கின்றன. முன்னால் குனியும்போது தட்டுகள் மேல்நோக்கி வழுக்குகின்றன, தடையில்லை. உடம்பைத் திருப்பப் பார்த்தால் ஒரு பக்கத்துத் தட்டு மற்றொன்றில் போய் முட்டிக்கொள்கிறது. குனிந்து நிமிர்வதற்கென்றே அமைந்த இடம் இது.

அடுத்து, ஒரு கையை மற்றொரு கைக்குப் பின்னால் வையுங்கள், இரு உள்ளங்கைகளும் உங்கள் மார்பைப் பார்த்தபடி. இப்போது ஒன்றின்மேல் ஒன்று இடமும் வலமும் எளிதாக நகரும். மேல்முதுகின் மூட்டுகள் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு பக்கத்துக்கு 30 பாகைக்கு மேல் திரும்பும். குனிவதில்தான் அதற்குச் சிரமம். விலா எலும்புக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. கழுத்தில் இந்தத் தட்டுகள் ஓட்டுக் கூரை போல 45 பாகை அளவில் சரிந்திருக்கின்றன. அதனால்தான் கழுத்து எல்லாப் பக்கமும் போகிறது.

கழுத்தின் உச்சியில் இருக்கும் இரண்டு எலும்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் எலும்பின் பெயர் அட்லஸ். வானத்தைத் தோளில் சுமந்த கிரேக்கப் புராண அரக்கனின் பெயர் அது. நம்முடைய அட்லஸ் சுமப்பது சுமார் 5 கிலோ எடையுள்ள தலையை. அது ஒரு வளையம் மட்டுமே. அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேல்நோக்கி எழும்பி அந்த வளையத்துக்குள் நிற்கிறது. பாட்டி வீட்டில் உளுந்து உடைக்கும் திரிகையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை: அடிக்கல்லின் நடுவில் முளை, அதைச் சுற்றும் மேல்கல். கழுத்து திரும்பும் அளவில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே மூட்டில் நடக்கிறது. 'இல்லை' என்று தலையாட்டுவது இங்கே. 'ஆமாம்' என்று மேலும் கீழும் ஆட்டுவது அதற்கும் மேலே, மண்டையோடு அட்லஸில் உட்கார்ந்திருக்கும் இடத்தில். 'சரி சரி, பார்க்கலாம்' என்று நம்மவர்கள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுகிறோமே, அதற்கு ஒரு மூட்டு போதாது. கழுத்தின் பல மூட்டுகள் கூடி வேலை செய்கின்றன. வெளிநாட்டவர்கள் அதைப் பார்த்துக் குழம்புவதில் வியப்பில்லை!

இனி குனிவது. நின்றபடி குனிந்து தரையைத் தொட முயலும்போது முதலில் அதிகம் வளைவது கீழ்முதுகு. அது ஏறத்தாழ 50 பாகை தரும். மீதியைத் தருவது முதுகே அல்ல, இடுப்பு மூட்டு. விரல் தரையைத் தொடாதவர்கள் 'எனக்கு முதுகு வளையவில்லை' என்று வருத்தப்படுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி தொடையின் பின்பக்கத் தசை. அது இறுகியிருந்தால் இடுப்பெலும்பு முன்னால் உருளாது. இன்னொரு செய்தி பலரை வியக்க வைக்கும். முழுமையாகக் குனிந்து தொங்கும் நிலையில் முதுகின் பெரிய தசைகள் வேலையை நிறுத்திவிடுகின்றன. தசையின் மின்னோட்டத்தை அளந்து இதை 1950களிலேயே கண்டறிந்தார்கள். அந்த நிலையில் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்கிப் பிடிப்பவை பின்பக்கத்து இணைப்பு நார்களும் வட்டுகளும்தான்.

வட்டு என்றால் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை. பேச்சு வழக்கில் 'டிஸ்க்'. மொத்தம் 23. மண்டையோட்டுக்கும் அட்லஸுக்கும் இடையிலும், அட்லஸுக்கும் அடுத்த எலும்புக்கும் இடையிலும் மட்டும் இல்லை. நடுவில் கூழ்போன்ற மையம்; இளவயதில் அதில் சுமார் 80 விழுக்காடு தண்ணீர். சுற்றிலும் நார் அடுக்குகள், 15 முதல் 25 வரை, வெங்காயத் தோல்போல ஒன்றைச் சுற்றி ஒன்று. ஓர் அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கார் டயருக்குள் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவது இதே காரணத்துக்குத்தான்.

இந்த அமைப்பில் ஒரு பலவீனம் உண்டு. நேராக அழுத்தினால் எல்லா அடுக்குகளும் சேர்ந்து தாங்கும். முறுக்கினால் ஒரு பக்கம் சாய்ந்த நார்கள் மட்டுமே இறுகும். மற்ற பாதி தளர்ந்துவிடும். குனிவதும் சேர்ந்துகொண்டால் பின்பக்கச் சுவர் ஏற்கெனவே இழுபட்டிருக்கும். கையில் சுமையும் இருந்தால்? செம்பனைத் தோட்டத்தில் 15, 20 கிலோ குலையைத் தரையிலிருந்து தூக்கி, பாதத்தை நகர்த்தாமல் உடம்பை மட்டும் திருப்பி வண்டியில் போடுகிறவரின் நிலை அதுதான். கீழ்முதுகு திரும்பாது என்று மேலே பார்த்தோம். திரும்பாத ஒன்றைத் திருப்பச் சொல்வதைவிடப் பாதத்தை ஓர் அடி எடுத்து வைப்பது நல்லது. அந்த ஓர் அடியில் முழு உடம்பும் திரும்பிவிடுகிறது.

சுமை தூக்குவதில் இன்னொரு கணக்கு. நெம்புகோலைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். முதுகுத் தசைகள் முதுகெலும்பு மூட்டுக்குப் பின்னால் வெறும் 5 செண்டிமீட்டர் தூரத்தில் இருந்து இழுக்கின்றன. 10 கிலோ அரிசிப் பையை 40 செண்டிமீட்டர் முன்னால் நீட்டிப் பிடித்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் 80 கிலோவுக்கு ஈடாக இழுக்க வேண்டும். பையின் எடை, தசையின் இழுவிசை இரண்டையும் வட்டுதான் தாங்குகிறது: 90 கிலோ. உங்கள் தலை, மார்பு, கைகளின் எடையை இன்னும் கூட்டவில்லை. அதே பையை வயிற்றோடு அணைத்து 20 செண்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் தசையின் பங்கு 40 கிலோவாகப் பாதி குறைந்துவிடும். முழங்காலை மடக்கித் தூக்கு, முதுகை நேராக வை என்றெல்லாம் சுவரொட்டிகளில் படம் போடுவார்கள். என்னைக் கேட்டால் 'பொருளை உடம்போடு ஒட்டி வை' என்பதைத்தான் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பின் இருமுனையிலும் தொங்கவிட்டுத் தோளில் தூக்கி நடந்த பால்மரத் தொழிலாளர்கள் சுமையை முதுகெலும்புக்கு நேர் மேலே வைத்திருந்தார்கள். பத்து மலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுபவர்களும் அப்படித்தான்.

வட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். 1960களில் சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் கீழ்முதுகு வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி இதைத் தொடங்கிவைத்தார். 1999-இல் ஜெர்மனியின் ஆய்வுக் குழு ஒன்று 45 வயது ஆரோக்கியமான ஒருவருடைய வட்டில் உணரியைப் பொருத்தி, அவருடைய அன்றாட வேலைகளின்போது அளந்தது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல். நிற்கும்போது 0.5, கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கியபோது 2.3. நாற்காலியில் முதுகைச் சாய்த்துச் சரிந்து உட்கார்ந்தபோது 0.27தான்! சரிந்து உட்காராதே என்று பிள்ளைகளை விரட்டும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இது சற்று ஏமாற்றமாக இருக்கும். ஒரே மனிதரிடம் அளந்தது என்பதையும் சேர்த்துத்தான் இதை மதிப்பிட வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு விவரம் இருந்தது. அவர் இரவில் தூங்கத் தொடங்கியபோது 0.10 ஆக இருந்த அழுத்தம் காலையில் 0.24 ஆக உயர்ந்திருந்தது. அசையாமல் படுத்திருப்பவரின் வட்டில் அழுத்தம் ஏன் கூட வேண்டும்? தண்ணீர்தான் காரணம். பகல் முழுவதும் உடல் எடை அழுத்த, வட்டிலிருந்து தண்ணீர் கசிந்து வெளியேறுகிறது. இரவில் பாரம் நீங்கியதும் ஈரத்துணி நீரை உறிஞ்சுவதுபோல வட்டு மீண்டும் உறிஞ்சி உப்புகிறது. இதனால் காலையில் நாம் மாலையைவிட ஒன்றரை, இரண்டு செண்டிமீட்டர்வரை உயரமாக இருக்கிறோம். ஈர்ப்பின் பாரமே இல்லாத விண்வெளியில் இது இன்னும் கூடும். உயரம் 3 விழுக்காடுவரை அதிகரிக்கிறது என்கிறது நாசா. 2007 அக்டோபரில் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்ற நம் நாட்டு விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோரும் ஓர் எலும்பு மருத்துவர் என்பது பொருத்தமான தற்செயல்.

இந்த நீர்ப்போக்குவரத்து உயரத்துக்காக மட்டும் இல்லை. வளர்ந்த மனிதரின் வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது. வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உண்டு. நடுவில் வாழும் உயிரணுக்களுக்குப் பிராணவாயுவும் சர்க்கரையும் மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து மெல்லிய தகட்டின் வழியே ஊறித்தான் வர வேண்டும். கழிவும் அதே வழியில் திரும்ப வேண்டும். அழுத்தம் ஏறி இறங்கும்போது நீரும் அதில் கரைந்தவையும் உள்ளும் புறமும் போய்வருகின்றன. நடப்பது, குனிவது, எழுவது, படுப்பது எல்லாம் சேர்ந்துதான் வட்டுக்குச் சாப்பாடு. ஒரே நிலையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், நின்றாலும், படுத்தே கிடந்தாலும் அந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடுகிறது. சரியான உட்காரும் முறை எது என்று பலர் கேட்கிறார்கள். அரைமணி நேரத்தில் மாற்றப்போகும் எந்த முறையும் சரிதான்.

இப்போது 'ஸ்லிப் டிஸ்க்'. இந்தப் பெயரே பயமுறுத்துகிறது. சோப்புக் கட்டிபோல வட்டு நழுவி வெளியே விழுந்துவிட்டது என்று நினைக்கிறோம். மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும் வட்டு நழுவாது. நார்ச்சுவரில் விரிசல் ஏற்பட்டு உள்ளிருக்கும் கூழ் பிதுங்குவதுதான் நடக்கிறது. பிதுங்கிய பகுதி நரம்பைத் தொட்டால் பிட்டத்திலிருந்து கால்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கும். பலருக்கு இது சில வாரங்களில், சில மாதங்களில் தணிகிறது. பிதுங்கிய கூழை உடம்பே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதை மறு ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்கேனைப் பற்றியும் ஒன்று. 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. 30 விழுக்காட்டினருக்கு வட்டு சற்றுப் புடைத்திருந்தது. 80 வயதினரில் தேய்மானம் 96 விழுக்காடு. இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறக்க வேண்டாம். நரை முடிபோல வயதோடு வருகிற மாற்றங்கள் பல. 'உன் டிஸ்க் தேய்ந்துவிட்டது' என்று ஒருவர் காதில் விழுந்த நாள்முதல் அவர் குனியப் பயந்து, வாளி தூக்கப் பயந்து, பேரப்பிள்ளையைத் தூக்கவும் பயந்து ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அசையாத முதுகின் தசை மெலிகிறது, வட்டுக்கு உணவு குறைகிறது, வலி மேலும் பயமுறுத்துகிறது.

படுக்கை ஓய்வைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் திடீர் முதுகுவலி வந்த 186 ஊழியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு 'வலி விடும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்' என்ற அறிவுரை. விரைவாகக் குணமடைந்தது மூன்றாவது குழு. உலகில் 2020-இல் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தவர்கள் 61 கோடியே 90 லட்சம் பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அத்தனை பேருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. ஆனாலும் பெரும்பாலோருக்கு நடமாட்டம் தீங்கல்ல.

விதிவிலக்குகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் இறங்குவதில்லை. கீழ்முதுகின் முதல், இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால்போலக் கொத்தாகத் தொங்குகின்றன. மருத்துவர்களும் அதை அப்படியே குதிரைவால் என்றுதான் அழைக்கிறார்கள். பெரிய பிதுக்கம் அந்தக் கொத்தை நசுக்கினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும் அல்லது கட்டுப்பாடின்றிப் போகும், மலம் அடக்க முடியாது, பிறப்புறுப்பைச் சுற்றியும் உள்தொடையிலும் மரத்துப்போகும், கால் பலமிழக்கும். இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

காலையில் வட்டு உப்பியிருக்கும் என்று சொன்னேன் அல்லவா? உப்பிய வட்டு இறுக்கமானது. அந்த நேரத்தில் குனிந்தால் அதன் சுவரில் இழுவிசை அதிகம். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்களை விடியற்காலையில் மட்டும் குனிவதைத் தவிர்க்கச் சொன்ன ஓர் ஆய்வு 1998-இல் வெளியானது. அவர்களுக்கு வலி குறைந்தது. ஆகவே எழுந்தவுடனே வீடு துடைப்பவர்களும் சூரிய நமஸ்காரம் செய்பவர்களும் முதலில் கொஞ்சம் நடந்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டுத் தொடங்கலாம். இரவில் உறிஞ்சிய உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே இறங்கிவிடுகிறது.

நம்ப முடியவில்லையென்றால் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு அளந்து பாருங்கள். படுக்கையைவிட்டு எழுந்த உடனே, வெறுங்காலோடு, குதிகாலும் பின்தலையும் சுவரில் படும்படி நிற்கச் சொல்லுங்கள். தலைமேல் கெட்டியான புத்தகம் ஒன்றைச் சுவரோடு செங்குத்தாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கோடு, இரவு படுக்கப்போகும் முன் மூன்றாவது. அளக்கும் கை ஒரே ஆளுடையதாக இருக்கட்டும், இல்லையென்றால் கோடுகள் சண்டை போடும்.